ஹெச்சிஐ எலெக்டிவ் எடுக்கலாமா? பாதி வீட்டிலும் பாதி லேபிலும் படிக்கப் போகிறவர்களுக்கு

இந்தப் பாடத்தை இறுதியாண்டில் எலெக்டிவாக எடுத்தேன். அப்புறம் இரண்டு செமஸ்டர் அதே லேபில் உதவியாளராக நின்றேன். ஜூனியர்கள் கேட்பது பெரும்பாலும் இதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகப் பதில் போட்டுச் சலித்துவிட்டதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

ஹெச்சிஐ என்றால் என்ன? வெப் டிசைன்தானே?

இல்லை. ஹியூமன்-கம்ப்யூட்டர் இன்டராக்‌ஷன் என்பதன் சுருக்கம். தமிழில் மனித-கணினி ஊடாட்டம் என்று எழுதுகிறோம். வாயில் வருவது ஹெச்சிஐதான். ஒரு கருவியை மனிதர்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள், அந்தத் தடுமாற்றம் கருவியின் எந்த அமைப்பால் வந்தது என்று பார்க்கிற படிப்பு. திரை அழகாக இருப்பது அதில் ஒரு மூலை.

டீக்கடையில் கியூஆர் கோடு அட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஒலிபெருக்கி இருக்கும். நீங்கள் பணம் அனுப்பியதும் இத்தனை ரூபாய் வந்தது என்று உரக்கச் சொல்லும். அது வருவதற்கு முன்னால் கடைக்காரர் நிலையை யோசித்துப் பாருங்கள். ஒரு கையில் டீ போகணி, மறுகையில் வடிகட்டி. போனை எடுத்து எஸ்எம்எஸ் வந்ததா என்று பார்க்க நேரமில்லை. வாடிக்கையாளர் நீட்டும் திரையை நம்ப வேண்டும். பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. கைக்கு வேலை இருக்கிறது, கண் பாலின்மேல் இருக்கிறது, சும்மா இருப்பது காது ஒன்றுதான். அதனால் செய்தி காதுக்குப் போனது.

நடந்ததை உரியவருக்கு உரிய நேரத்தில் தெரிவிப்பதற்கு இந்தப் பாடத்தில் பின்னூட்டம் என்று பெயர். அந்தச் சொல்லை வீடியோவில் ஐந்து நிமிடத்தில் கற்றுவிடலாம். கடைக்காரரின் காதுதான் காலியாக இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கக் கடையில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும்.

ஹைபிரிட் என்கிறார்களே, வாரம் எப்படிப் போகும்?

எங்கள் கல்லூரியில் விரிவுரை முழுக்க வீடியோ, வாரத்துக்குச் சுமார் இரண்டரை மணி நேரம். புதன் இரவு கூகுள் மீட்டில் சந்தேகம் கேட்கலாம். வெள்ளி பிற்பகல் மூன்று மணி நேரம் லேப். லேபில் யாரும் பாடம் எடுக்க மாட்டார்கள். நீங்கள் செய்துகொண்டு வந்ததை மற்றவர்கள் கையில் கொடுத்துச் சோதிப்பதற்கே அந்த நேரம்.

இது கொரோனா காலத்தில் வந்த பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் 2005ஆம் ஆண்டே ஜேசன் டே, ஜிம் ஃபோலி இருவரும் இதே ஹெச்சிஐ பாடத்தில் இதைச் செய்து பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான வகுப்பு. இன்னொரு பிரிவு விரிவுரையை வீட்டில் இணையத்தில் பார்த்துவிட்டு வர வேண்டும், வகுப்பு நேரம் செய்முறைக்கு. வீடியோ பார்த்துவிட்டு வந்த பிரிவு கூடுதல் மதிப்பெண் வாங்கியது. வீடியோவுக்குத் தனி மகிமை இருப்பதாக நான் நினைக்கவில்லை. வகுப்பு நேரம் காலியானதுதான் காரணமாக இருக்கும்.

ஆகவே வீடியோ பார்க்காமல் வெள்ளிக்கிழமை வந்து உட்கார்ந்தால் மூன்று மணி நேரமும் வேடிக்கைதான் பார்ப்பீர்கள்.

கோடிங் தெரிய வேண்டுமா?

அவ்வளவாக வேண்டாம். முதல் ஆறு வாரம் காகிதம்தான். பிறகு ஃபிக்மா என்ற திரை வடிவமைக்கும் மென்பொருள், மாணவர்களுக்கு இலவசம். புரோகிராம் எழுதத் தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு சிக்கலும் உண்டு: நான்கு இரவு விழித்து எழுதிய திரையைத் தூக்கிப்போட மனம் வராது. காகிதத்தைக் கிழிக்க அந்தத் தயக்கம் இருக்காது.

வீடியோவை மட்டும் ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்து முடித்தால் போதாதா?

பரீட்சைக்குப் போதும். என் கதையைச் சொல்கிறேன்.

முதல் சோதனைக்கு பஸ் பாஸ் விண்ணப்பத் திரை ஒன்றை வரைந்திருந்தேன். ஹாஸ்டல் மெஸ்ஸில் பரிமாறும் அண்ணனைக் கூப்பிட்டு உட்கார வைத்தோம். சோதனையின் விதி எளிமையானது: வேலையைச் சொல்ல வேண்டும், அவர் மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்ல வேண்டும், அப்புறம் நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். எனக்கு இதெல்லாம் வீடியோவில் பார்த்து மனப்பாடம். அண்ணன் திரையைப் பார்த்தார். பத்து விநாடி போனது. எனக்குப் பொறுக்கவில்லை. "கீழ இருக்கு பாருங்கண்ணா, அத அமுக்குங்க" என்றேன். அமுக்கினார். மறுபடி நின்றார். மறுபடி சொன்னேன். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. சோதனை வெற்றி என்று ரெக்கார்டு நோட்டில் எழுதினேன்.

மேடம் அதைப் படித்துவிட்டு, "பாஸ் வாங்கினது அவரா, நீயா?" என்று கேட்டார். அடுத்த வாரம் அதே அண்ணன், அதே திரை. மேடம் என் கையில் ஒரு கடலைமிட்டாயைக் கொடுத்து வாயில் போட்டுக்கொள்ளச் சொன்னார். அது கரையும்வரை பேச முடியாது. அண்ணன் நாற்பது விநாடி திரையையே பார்த்தார். பிறகு கேட்டார்: "தம்பி, இது அமுக்குறதா, இல்ல சும்மா எழுதி வச்சிருக்கா?"

அந்த ஒரு வாக்கியம்தான் எனக்கு ஹெச்சிஐ. பொத்தானுக்கு ஓரக் கோடு, நிழல் எதுவும் வைக்காமல் வெறும் எழுத்தாக வைத்திருந்தேன். அப்போது அதுதான் ஸ்டைல். எது அமுக்கத் தக்கது என்று பொருளே காட்ட வேண்டும் என்று வடிவமைப்பு ஆய்வாளர் டொனால்ட் நார்மன் 1988இலேயே எழுதிவிட்டார். அதை வீடியோவில் இரண்டு முறை பார்த்திருந்தேன், குவிஸில் சரியாகவும் பதில் போட்டிருந்தேன். என் திரையிலேயே அந்தத் தப்பு இருந்தது என்பது அண்ணன் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

வீட்டிலிருந்தபடியே, வீடியோ காலில் சோதனை நடத்தலாமா?

நடத்தலாம், நடத்தவும் வேண்டும். ஆனால் இரண்டும் ஒன்று என்று நினைக்காதீர்கள்.

நேரில் ஒருவர் சும்மா இருந்தால் யோசிக்கிறார் என்று முகத்தில் தெரியும். வீடியோ காலில் சும்மா இருந்தால் யோசிக்கிறாரா, நெட் போய்விட்டதா, பக்கத்து அறையில் யாரோ கூப்பிட்டார்களா என்று தெரியாது. உடனே "ஹலோ, கேக்குதா?" என்று கேட்டுவிடுவோம். அந்த நிமிடமே அவருடைய யோசனை அறுந்துவிடும். திரைப் பகிர்வில் போன் திரை தெரியும், விரல் தெரியாது. எந்த இடத்தை அமுக்கலாமா வேண்டாமா என்று விரல் தயங்கியது என்பதே முக்கியமான செய்தி. இதற்கு எங்கள் லேபில் கண்டுபிடித்த வழி: அவர் வீட்டில் இன்னொரு போன் இருந்தால், நாலைந்து புத்தகத்தை அடுக்கி அதன்மேல் அந்தப் போனைச் சாய்த்து, கையைப் பார்த்தபடி கேமராவை வைக்கச் சொல்வது.

லாபமும் உண்டு. லேபில் எல்லாரும் நம்முடைய சுத்தமான போனில் சோதிப்பார்கள். வீட்டில் அவரவர் போன். என் தோழியின் குழு ஒரு பெரியவரிடம் வீடியோ காலில் சோதித்தபோது, அவர் எழுத்து அளவை அதிகபட்சத்துக்கு வைத்திருந்தது தெரிந்தது. தமிழ்ச் சொல் ஏற்கெனவே நீளம். அந்த அளவில் 'சமர்ப்பிக்கவும்' பாதியில் வெட்டுப்பட்டு 'சமர்ப்பி' என்று நின்றது. அது அர்த்தம் தந்ததால் பிழைத்தார்கள். பக்கத்திலிருந்த 'ரத்துசெய்' வெறும் 'ரத்து' ஆகியிருந்தது. எது ரத்து என்று பெரியவர் பயந்து போனையே கீழே வைத்துவிட்டார். லேபில் பத்து பேரை உட்கார வைத்தாலும் இது வெளிவந்திருக்காது.

தொலைவிலிருந்து செய்வது இந்தத் துறைக்குப் புதிதும் அல்ல. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் கணினி ஆய்வாளர் டக்ளஸ் எங்கல்பார்ட் மவுஸை முதன்முதலாகப் பொதுமேடையில் காட்டினார். அவர் இயக்கிய கணினி மேடையில் இல்லை. சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி மென்லோ பார்க்கில் இருந்தது. அங்கிருந்த சக ஊழியர்களின் முகமும் குரலும் திரையில் வந்தன. ஒன்றரை மணி நேரம் அறுபடாமல் போனது. நம் புதன்கிழமை மீட் அத்தனை நேரம் அறுபடாமல் போனதாக நினைவில்லை.

எத்தனை பேரிடம் சோதிக்க வேண்டும்?

ஐந்து என்று எல்லாரும் சொல்வார்கள். இத்தகைய சோதனைகளில் நிபுணரான ஜேகப் நீல்சன் பிரபலமாக்கிய எண். ஒரு பயனர் சராசரியாக 31 சதவீதக் குறைகளைக் கண்டுபிடிப்பார் என்று வைத்துக்கொண்டால், ஐந்து பேரும் தவறவிடும் பங்கு 0.69-ஐ ஐந்து முறை பெருக்கினால் வருவது, ஏறத்தாழ 16 சதவீதம். மீதி 84-85 சதவீதம் பிடிபட்டுவிடும். கணக்கு அவ்வளவுதான். வைவாவில் ஐந்து என்று சொல்லி நிறுத்தினால் அடுத்த கேள்வி வரும்: அந்த 31 எங்கிருந்து வந்தது? அது அவர் பார்த்த திட்டங்களின் சராசரி; உங்கள் திரைக்கும் அதே எண் பொருந்தும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதோடு இது குறை கண்டுபிடிக்கும் சோதனைக்கான எண். இரண்டு வடிவமைப்பில் எது வேகமானது என்று ஒப்பிடுவதானால் ஐந்து பேர் போதாது.

ஐவரும் உங்கள் ரூம்மேட்களாக இருந்தால் அது ஒரே ஆளை ஐந்து முறை சோதித்த மாதிரி.

கணக்கு வருமா?

வரும், பயப்படும்படி அல்ல. மூன்று இடத்தில்.

ஒன்று, உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954இல் சொன்ன விதி. இலக்கு தூரமாக இருந்தால் கை போய்ச்சேர நேரம் கூடும், இலக்கு பெரிதாக இருந்தால் குறையும். இடையில் லாகரிதம் இருப்பதால் தூரம் இரட்டித்தாலும் நேரம் இரட்டிக்காது. ஓடும் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகைக் கட்டை விரலால் திரையின் மேல் மூலையை எட்டிப் பாருங்கள், விதி மறக்காது.

இரண்டாவது எனக்குப் பிடித்தது: ஒரு வேலையை முடிக்க எத்தனை விநாடி ஆகும் என்று மதிப்பிட, கார்ட், மோரன், நியூவெல் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1980இல் கொடுத்த விசைத்தட்டல் கணக்கு. தட்டச்சைத் தொழிலாகச் செய்யாத சராசரி ஆள் ஒரு விசையைத் தட்ட 0.28 விநாடி, மவுஸால் ஓரிடத்தைச் சுட்ட 1.1, கையை மவுஸிலிருந்து விசைப்பலகைக்கு மாற்ற 0.4, மனம் அடுத்த அடியைத் தீர்மானிக்க 1.35. இதை வைத்து 'அம்மா' என்ற சொல்லை அடித்துப் பார்ப்போம். தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பில் அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டல். ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழுந்துவிடும். ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடித்தால் ஐந்து. 1.12 விநாடிக்கு எதிராக 1.40. தமிழ்99 ஜெயித்தது.

ஆனால் சுற்றிலும் பாருங்கள், கல்லூரியில் எத்தனை பேர் தமிழ்99-இல் அடிக்கிறார்கள்? இந்தக் கணக்கு விசைகள் எங்கே இருக்கின்றன என்று விரலுக்கே தெரிந்த, தப்பே செய்யாத ஆளுக்கானது. புதியவருக்கு ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் அந்த 1.35 வந்து உட்காரும். தேடுகிற நேரம் வேறு. நான்கு தட்டலில் மிச்சம் பிடித்த 0.28 எங்கே போனது என்றே தெரியாது. ஒரு சூத்திரம் எதைச் சொல்கிறது என்பதோடு யாரைப் பற்றிச் சொல்கிறது என்றும் கேட்கப் பழகியது இந்தக் கணக்கில்தான்.

மூன்றாவது எஸ்.யு.எஸ். என்ற பத்துக் கேள்வித்தாள். ஒன்றைப் பயன்படுத்துவது எவ்வளவு எளிது என்று பயனர் ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 5 வரை மதிப்பு போடுவார். ஜான் புரூக் 1986இல் உருவாக்கியது. ஒற்றை எண் கேள்விகளில் ஒன்றைக் கழி, இரட்டை எண் கேள்விகளில் ஐந்திலிருந்து கழி, கூட்டி 2.5-ஆல் பெருக்கு. 100-க்கு வரும், ஆனால் அது சதவீதம் அல்ல. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் சராசரி 68 அளவில் நிற்கிறது. 60 வாங்கிவிட்டு ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று எழுதியவர்கள் உண்டு.

புராஜெக்டுக்கு என்ன தலைப்பு எடுக்கலாம்?

உணவு டெலிவரி ஆப்பை மறுவடிவமைப்பு செய்கிறேன் என்று மட்டும் போகாதீர்கள். ஒவ்வொரு வருடமும் நாலு குழு அதையே செய்யும். நிறம் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

திரைக்கு வெளியே தேடுங்கள். வாக்குப்பதிவு இயந்திரம் நல்ல பாடம். அதன் தோற்ற வடிவமைப்பில் மும்பை ஐஐடியின் வடிவமைப்புத் துறைப் பேராசிரியர்கள் ஏ.ஜி. ராவ், ரவி பூவையா பங்கு வகித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குச் சின்னம். நீலப் பொத்தானை அமுக்கினால் சின்னத்துக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு. நீளமான பீப் ஒலி. கூடவே விவிபேட் என்ற சீட்டு அச்சிடும் கருவியின் கண்ணாடிக்குள் ஏழு விநாடி தெரியும் சீட்டு. ஒரே செயலுக்கு மூன்று பின்னூட்டம். அந்த ஒலி வாக்காளருக்கா, அறையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கா? ஏழு விநாடி யாருக்குப் போதும், யாருக்குப் போதாது? முதல்முறை வாக்களித்த நண்பர்கள் பத்துப் பேரிடம் பேசினாலே அரை அறிக்கை தயார்.

ஏடிஎம்மும் வற்றாத கிணறு. பணம் கைக்கு வந்ததும் வேலை முடிந்தது என்று மனம் கிளம்பிவிடும், கார்டை மறந்துவிடுவோம். அதனால்தான் பல இயந்திரங்களில் கார்டை முதலில் திருப்பிக் கொடுத்துவிட்டு அப்புறம் பணத்தைத் தருகிறார்கள். மனிதரைத் திருத்த முயலாமல் வரிசையை மாற்றினார்கள். உங்கள் ஊரில் இப்படி வரிசை மாற்றினால் சரியாகிவிடக்கூடிய தொல்லை எது? ரேஷன் கடைக் கைரேகைக் கருவியா, டிக்கெட் இயந்திரமா, மெஸ் டோக்கனா? அதுதான் தலைப்பு.

ஆன்லைன் வகுப்பிலேயே பாடம் இருக்கிறது என்று சீனியர் சொன்னாரே?

மைக் பொத்தானைச் சொல்லியிருப்பார். கோடு போட்ட மைக் படம் தெரிகிறது. மைக் இப்போது அணைந்திருக்கிறது என்று அர்த்தமா, அமுக்கினால் அணையும் என்று அர்த்தமா? நிலையையும் கட்டளையையும் ஒரே படத்தில் வைத்தால் இந்தக் குழப்பம் வரும். மீட்டில் யாரோ மூன்று நிமிடம் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பார், எல்லாரும் சிரிப்போம். அது அவர் தப்பு அல்ல. ஒரே செயல் நிலைக்கு நிலை வேறு விளைவு தரும் இத்தகைய அமைப்புகளை மோடு என்பார்கள். வெட்டி ஒட்டும் வசதியை ஜெராக்ஸ் நிறுவனத்தின் 'பார்க்' ஆய்வகத்தில் உருவாக்கியவர்களில் ஒருவரான லேரி டெஸ்லர், மோடுகள்மேல் இருந்த வெறுப்பில் தன் கார் நம்பர் பிளேட்டிலேயே 'நோ மோட்ஸ்' என்று எழுதி வைத்திருந்தார்.

சோதனைக்கு வருகிறவரிடம் கையெழுத்து வாங்க வேண்டுமா?

கட்டாயம். என்ன செய்யப் போகிறோம், எதைப் பதிவு செய்கிறோம், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்று தமிழில், அவருக்குப் புரியும்படி சொல்லி வாங்குங்கள். வீடியோ காலில் பதிவுப் பொத்தானை அமுக்குமுன் ஒருமுறை, அமுக்கியபின் ஒருமுறை சம்மதம் கேளுங்கள். வீட்டுப் பின்னணியில் பிள்ளைகள் முகம் வந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட வேண்டும். முக்கியமாக, "சோதிப்பது உங்களை அல்ல, இந்தத் திரையைத்தான்" என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கள். அப்படியும் நம் ஆட்கள் தடுமாறினால் "எனக்கு இதெல்லாம் தெரியாதுப்பா" என்று தங்களையே குறை சொல்லிக்கொள்வார்கள். அந்த வாக்கியம் வரும்போதெல்லாம் நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். குறை அங்கேதான் இருக்கிறது.

பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் இந்தப் பாடத்தை எடுக்க முடியுமா?

முடியும். எங்கள் பேட்ச்சில் ஒருவர் என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பானோடு, அதாவது திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் மென்பொருளோடு, படித்தார். வீடியோ, குவிஸ் சிக்கலில்லை; படத்துக்கு விளக்கம் இல்லாத ஸ்லைடுகளும் இழுத்து வரையும் மென்பொருளும்தான் தொல்லை. அவர் அட்டையும் பசையும் வைத்துத் தொட்டுணரும் முன்மாதிரி செய்தார். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்ற விதியை நாங்கள் மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது, பெயரே இல்லாத பொத்தானைத் திரைவாசிப்பான் வெறுமனே 'பட்டன், பட்டன், பட்டன்' என்று படிப்பதை அவர் ஹெட்போனைக் கழற்றி எல்லாருக்கும் கேட்க வைத்தார்.

குழு வேலையில் பாதிப் பேர் வீட்டில், பாதிப் பேர் லேபில் இருந்தால்?

லேபில் இருப்பவர்கள் தங்களுக்குள் பேசி முடிவெடுத்துவிடுவார்கள், வீட்டில் இருப்பவர் சதுரத்துக்குள் காத்திருப்பார். ஒருவர் வீட்டில் என்றால் எல்லாரும் தனித்தனி லேப்டாப்பில் சேருங்கள். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

என்.பி.டி.இ.எல். வழியாக எடுத்தால் மதிப்பெண் எப்படி?

என்.பி.டி.இ.எல். என்பது ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் நடத்தும் இணையவழிப் படிப்பு. வீடியோ இலவசம். சான்றிதழ் வேண்டுமானால் பரீட்சைக்குக் கட்டணம், ஆயிரம் ரூபாய். வாராந்திர அசைன்மென்ட்டுக்கு 25, மேற்பார்வையுடன் நேரில் எழுதும் தேர்வுக்கு 75. பன்னிரண்டு வாரப் படிப்பில் சிறந்த எட்டு அசைன்மென்ட் கணக்கில் வரும். அசைன்மென்ட்டில் 10, தேர்வில் 30 இரண்டும் தனித்தனியாகத் தாண்ட வேண்டும். ஒன்றில் கோட்டைவிட்டு மற்றதில் ஈடுகட்ட முடியாது. கிரெடிட் மாற்றலாமா என்பதை முன்கூட்டியே ஹெச்.ஓ.டி.யிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். செமஸ்டர் முடிவில் போய் நின்றவர்களின் கதைகள் நல்லவை அல்ல.

வேலை கிடைக்குமா?

யுஎக்ஸ் (பயனர் அனுபவம்) டிசைனர், யுஎக்ஸ் ரிசர்ச்சர் என்ற பெயர்களில் வேலை இருக்கிறது. புதியவர்களுக்கு டிசைனர் இடம் கொஞ்சம், ரிசர்ச்சர் இடம் அதைவிடக் குறைவு. நேர்காணலில் அழகான திரைகளை எல்லாரும் காட்டுவார்கள். எதைத் தூக்கிப்போட்டீர்கள், ஏன் என்பதைக் காட்டுங்கள். நான் மெஸ் அண்ணன் கதையைச் சொன்னேன், வேலை கிடைத்தது.

பயனருக்குப் பதிலாக ஏஐ-யை உட்கார வைக்கலாமா?

இந்த வருடம் மூன்று குழு கேட்டது. 'அறுபது வயது கிராமத்துப் பெண்மணியாகப் பதில் சொல்' என்று கட்டளையிட்டுப் பக்கம் பக்கமாக வாங்கி வந்தார்கள். பதில்கள் எல்லாம் கோர்வையாக இருந்தன, அதிலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அந்தப் பெண்மணிக்கு மாவு ஒட்டிய விரலில் தொடுதிரை எடுக்காது, வெயிலில் திரை தெரியாது, பேரன் வந்து போனைப் பிடுங்குவான். கேள்வித்தாளை முன்கூட்டிச் சரிபார்க்க ஏஐ உதவும், நானும் பயன்படுத்துகிறேன். சோதனை முடிவு என்று அதை ஒட்டினால் மேடம் பூஜ்யம் போடுவார்.

முதல் லேபுக்கு என்ன கொண்டுவர வேண்டும்?

ஏ4 தாள் இருபது, ஸ்கெட்ச் பேனா, கத்தரிக்கோல், ஒட்டுத்தாள். லேப்டாப் தேவையில்லை. வேறு துறையிலிருந்து, முடிந்தால் கல்லூரிக்கு வெளியிலிருந்து, மூன்று மணிக்கு வரச் சம்மதித்த ஓர் ஆள். அவருக்கு டீ வாங்கிக் கொடுக்கக் காசு. உங்களுக்குக் கடலைமிட்டாய்.